அழுவுறது ஈயம், இளிக்கிறது பித்தளை

வாய்யா பேராண்டி, உக்காரு. ஏன் மூஞ்சி நமுத்த அப்பளம் மாதிரி தொங்குது? மழையில நனைஞ்சியா, பரீட்சையில நனைஞ்சியா? தைப்பிங்குக்குப் பக்கத்துல குடியிருக்கிறவனுக்கு மழை புதுசில்ல, அதுக்கெல்லாம் நீ அழ மாட்ட. அப்ப பரீட்சைதான். கொடு அந்தத் தாளை. என் கண்ணாடி எங்க? மூக்கு மேலயா? சரி.

அறிவியல், படிவம் ஒண்ணு. உன்சூர், செபாத்தியான், சம்புரான். யார்றா இவனுங்க? உன்சூர்னா சூரபத்மனுக்கு மச்சினனா? சம்புரானைத் தணல்ல போட்டா சாமி ரூம்ல புகை வருமா? சிரிக்காத, சிரிச்சா மார்க்கு ஏறாது. தமிழ்ல சொல்லு பாப்போம். தனிமம், சேர்மம், கலவை. ம், இப்பப் பாதி காதுல ஏறுது. மீதிப் பாதியை நீ எழுதின பதிலைப் பாத்துத் தெரிஞ்சிக்கிறேன்.

அடேயப்பா, பத்துக்கு மூணு! அந்த மூணும் எப்படிடா உன்கிட்ட வந்து மாட்டுச்சு? தேன், சுத்தப் பொருள். சிவப்புக் கோடு. பால், சுத்தப் பொருள். கோடு. பித்தளை, தனிமம். இதுக்கு ரெண்டு கோடு, டீச்சருக்கு ரொம்பக் கோவம் போல. தப்பா எழுதினாலும் ஒரு நியாயம் வச்சுத்தான் எழுதியிருப்ப, நீ என் பேரன். என்ன நியாயம்?

கடையில போட்டிருக்கா? "மாடு தூலேன்"னு போட்டிருக்கா? இருக்குடா, நானும் பாத்திருக்கேன். முதல் தடவை பாத்தப்போ, சுத்தமான மாடு விக்கிறான் போலன்னு நெனச்சு உள்ள போய்ட்டேன். போனா போத்தல்ல தேன். மலாய்க்காரங்க தேனுக்கு மாடுங்கிறாங்க, நாம மாட்டுக்கு மாடுங்கிறோம். அந்தச் சங்கடம் கிடக்கட்டும். நீ மாட்டிக்கிட்டது மாட்டுல இல்ல, "தூலேன்"ல. சுத்தங்கிற சொல்லுக்கு ரெண்டு வீடு இருக்கு. ஒண்ணு கடைத்தெருவுல, ஒண்ணு பள்ளிக்கூடத்துல. கடைக்காரன் சுத்தம்னா, தேனீ குடுத்ததுக்கு மேல நான் ஒண்ணும் சேக்கலன்னு அர்த்தம். டீச்சர் சுத்தம்னா, உள்ள ஒரே வகைப் பொருள்தான் இருக்குன்னு அர்த்தம். தேனுக்குள்ள குளுக்கோஸ் தனியா இருக்கு, பழச்சீனி தனியா இருக்கு, அஞ்சுல ஒரு பங்குக்குக் கிட்ட வெறும் தண்ணி. பெரிய கலப்படக்காரி அந்தத் தேனீதான். அவளைப் பிடிச்சு யாரும் அபராதம் போட மாட்டாங்க.

அதனால ராஜா, கடையில கடைச்சுத்தம் கேளு, பரீட்சையில பள்ளிக்கூடச்சுத்தம் எழுது. மாத்திக் கேட்டா என்ன ஆகும் தெரியுமா? கடைக்காரன்கிட்ட போய், "ஐயா, ஒரே வகை மூலக்கூறு மட்டும் உள்ள இனிப்பு குடுங்க"ன்னு கேளு. ஒரு கிலோ வெள்ளைச் சீனியை எடுத்து நீட்டுவான். நீட்டுறது சரியும்தான்! சீனி ஒரே சேர்மம், பேரு சுக்ரோஸ். தேன் கலவை. உடம்புக்கு நல்லதுன்னு நாம கும்பிடுறது கலவையை, கெட்டதுன்னு திட்டுறது சுத்தத்தை. இதை உன் தாள்ல எழுதிடாத, இன்னொரு கோடு வாங்குவ.

தண்ணிக்கும் அதே கதை. போத்தல்ல மினரல் தண்ணி வாங்கிக்கிட்டு, "இதான் சுத்தம் தாத்தா"ங்கிற. மினரல்னா மண்ணுலயும் பாறையிலயும் கரைஞ்சு வந்த உப்பு. உப்பு இருக்குன்னு அவனே பேர்லயே ஒத்துக்கிறான், நீதான் ஒத்துக்க மாட்டேங்கிற. நம்ம நாட்டுல கலர் மூடி போட்டா மினரல் தண்ணி, வெள்ளை மூடி போட்டா சாதா குடிதண்ணி. இனிமே மூடியைப் பாத்து வாங்கு. கடைக்காரன் முகத்தைப் பாத்து வாங்காத, அவன் முகத்துக்கு மூடியே கிடையாது.

டின் பாலுக்கும் அப்படித்தான். சாயங்காலம் நீ ஆத்தி ஆத்திக் குடிக்கிற தே தாரேக்ல என்ன ஊத்துறான்னு டின்னைத் திருப்பிப் படிச்சிருக்கியா? கிரீமர் மானிஸ்னு போட்டிருக்கும். கீழ பொடி எழுத்துல செம்பனை எண்ணெய். மாடு ஒரு பக்கம், பனை ஒரு பக்கம், நடுவுல சீனி. அதைக் குடிச்சிட்டுத்தான் பால் சுத்தப் பொருள்னு எழுதிட்டு வந்திருக்க. அந்தக் கோடு உனக்கு நியாயமா விழுந்த கோடு.

என்ன, அடுப்படியிலேருந்து உன் பாட்டி என்னமோ சொல்றா? ஆமாம்மா, கலப்படம் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். ஆமா, உன் ஈயச் சொம்பும் கலப்படம்தான். ஆமா, கும்பகோணத்துக்காரன் ஏமாத்திட்டான். அம்பது வருசமா ஒரே கேசு. நீ கண்டுக்காத பேராண்டி, நாம பாலுக்கு வருவோம். மாட்டுப்பால் இல்ல, கித்தாப்பால், அதான் ரப்பர் மரத்துப் பால். அதுல எனக்குப் பட்டமே இருக்கு.

நான் பொறந்தது தோட்டத்து லயத்துல. இருட்டோட பெரட்டுக்கு நிக்கணும், பேரு கூப்பிட்டு முடிஞ்சா தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு நிரைக்குப் போகணும். உளியால பட்டையைச் சீவினா வெள்ளைக் கோடு வழிஞ்சு மங்குக் கிண்ணத்துக்குள்ள சொட்டும். பாக்கிறதுக்குப் பசும்பால் மாதிரியேதான். சின்ன வயசுல விரலை விட்டு நக்கியும் பாத்திருக்கேன், அதைப் பத்தி மேல கேக்காத. அந்தப் பால்ல நூறு பங்குக்கு முப்பது, முப்பத்தஞ்சு பங்குதான் கித்தா. மிச்சத்துல பெரும்பாகம் தண்ணி. அப்புறம் கொஞ்சம் புரதம், கொஞ்சம் சீனி, கொஞ்சம் பிசின். மரமே கலந்துதான் குடுக்குது.

இப்ப யோசி. மரம் அவ்வளவு தண்ணி கலக்குது. அதுக்கு மேல மனுசன் ஒரு குவளை கலந்தா யாருக்குத் தெரியும்?

தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணிக்குத் தெரியும். ஸ்டோர்ல ஒரு மிதவை வச்சிருப்பாங்க, மெட்ரோலாக்னு பேரு. வாளியிலேருந்து பாலை எடுத்து அதை உள்ள விட்டா, எந்தக் கோடு வரைக்கும் முழுகுதுன்னு பாத்து, இதுல இவ்வளவு கித்தான்னு சொல்லிடுவாங்க. கூலி பாலோட எடைக்கு இல்ல, அதுக்குள்ள இருக்கிற காஞ்ச கித்தாவோட எடைக்கு. அந்தக் கருவியில ஒரு வேடிக்கை இருக்கு, நல்லாக் கேளு, உன் டீச்சரே அசந்துடுவாங்க. பால்காரன் பசும்பால்ல தண்ணி ஊத்தினா பால்மானி இன்னும் கீழ முழுகும். ஏன்னா பசும்பால் தண்ணியை விடக் கனம், தண்ணி சேந்தா இலேசாயிடும். கித்தாப்பால் தலைகீழ். கித்தா தண்ணியை விட இலேசு. தண்ணி ஊத்த ஊத்தப் பாலு கனமாயிடும், மிதவை மேல எழும்பி நிக்கும். பசும்பால்காரன் திருட்டுல கருவி வெக்கப்பட்டு முழுகும், பால்வெட்டுக்காரன் திருட்டுல கருவி நெஞ்சை நிமித்திக்கிட்டு மிதக்கும். ரெண்டுலயும் மாட்டிக்கிறது நம்மாளுதான்.

நான் ஊத்தினேனாவா? டேய், நான் உன் தாத்தா. நான் ஊத்தினதில்ல. மழை வரப்போகுதுன்னு தெரிஞ்சும் ஒரு சில மங்கைக் கவுத்து வைக்க மறந்திருக்கேன். வானம் ஊத்தினதுக்கு நான் பொறுப்பா? கிராணிகிட்ட அப்படித்தான் சொன்னேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு, "உன் நிரையில மட்டும் எப்படிய்யா தினமும் மழை பெய்யுது?"ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் என்னை வெட்டுலேருந்து எடுத்து ஸ்டோர்லயே வேலைக்குப் போட்டாங்க. திருடனை வாசல்ல காவலுக்கு நிறுத்துற வழக்கம் அங்கயும் உண்டு. ஆனா அந்தக் கிராணியையும் நான் கிட்டே நின்னு பாத்தேன். மிதவையில ரெண்டு கோட்டுக்கு நடுவுல பால் நின்னா, அவரு பேனா எப்பவும் கீழ் கோட்டைத்தான் எழுதும். ஒரு தடவைகூட மேல் கோட்டை எழுதினதில்ல. தண்ணி கலந்தவனைப் பிடிக்கக் கருவி இருந்துச்சு. கோடு கலந்தவரைப் பிடிக்க ஒண்ணும் இல்ல.

சரி, பால் எப்படிப்பட்ட கலவைன்னு கேட்டிருக்காங்களே, அதுக்கு வா. உப்பைத் தண்ணியில கரைச்சா கண்ணாடி மாதிரி தெளிவா நிக்கும், அது கரைசல். மணலைத் தண்ணியில போட்டா அடியில போய் உக்காந்துக்கும். கித்தாப்பால் ரெண்டுலயும் சேராது. தெளியவும் தெளியாது, உக்காரவும் உக்காராது. புத்தகத்துல கூழ்மம்னு போட்டிருப்பாங்க. கூழ் குடிச்சே வளந்தவன்கிட்ட கூழ்மமாம்! இருட்டுல ஒரு சோதனை பண்ணு. ஒரு கிளாஸ்ல உப்புத் தண்ணி, இன்னொண்ணுல தண்ணியில ரெண்டு சொட்டுப் பால். பக்கத்துலேருந்து டார்ச் அடி. உப்புத் தண்ணிக்குள்ள வெளிச்சம் போற பாதை தெரியாது. பால் தண்ணிக்குள்ள பளிச்சுன்னு ஒரு கம்பி மாதிரி தெரியும். உள்ள கண்ணுக்குத் தெரியாத துணுக்குங்க மிதந்துக்கிட்டு வெளிச்சத்தைச் சிதறடிக்குது. ஜான் டிண்டால்னு ஒரு வெள்ளைக்காரர் பேரை அதுக்கு வச்சிருக்காங்க. எங்க ஆத்தா தலைவிளக்கோட மங்கைக் குனிஞ்சு பாத்தவ, அவ பேரை யாரும் வைக்கல.

கித்தாத் துணுக்குங்க ஏன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம மிதக்குதுன்னா, எல்லாத்து மேலயும் ஒரே மாதிரி மின்சாரம். ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே நிக்கும், பாகப்பிரிவினைக்கு வந்த பங்காளிங்க மாதிரி. ஸ்டோர்ல நாங்க கொஞ்சம் பார்மிக் ஆசிட்டைத் தண்ணியில கலந்து ஊத்துவோம். எறும்பு கடிச்சா சுரீர்னு எரியுதே, அந்த அமிலம்தான். அது போய் அந்தத் தள்ளுமுள்ளை அடக்கிடும். அப்புறம் எல்லாம் கட்டிப்பிடிச்சுக்கிட்டு தயிரா உறைஞ்சுடும். உறையக் கூடாதுன்னா அம்மோனியா. உறைஞ்சதை உருளையில குடுத்துத் தகடாக்கி, புகைவீட்டுல தொங்கவிட்டா தேன் நிறத்துல காயும். மங்குல தானா உறைஞ்சு கிடக்கிறது ஒட்டுப்பால். அதோட நாத்தத்தைக் கலவைன்னும் சொல்ல முடியாது, சேர்மம்னும் சொல்ல முடியாது, அது ஒரு தனி மதம். உன் பாட்டியை நான் கல்யாணம் பண்ணினப்போ என் சட்டையில அந்த வாசம்தான். அவ இன்னும் மன்னிக்கல.

இந்தக் கித்தாவும் வந்த சரக்குதான். 1876-ல பிரேசில்லேருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், 1877-ல நாத்தா சிங்கப்பூருக்கு வந்து, அதுல ஒம்போது நாத்து கோலா கங்சாருக்கு வந்துச்சு. அதுல ஒரு கிழம் இன்னும் அங்க நிக்குது, போய்ப் பாரு, நமக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்க தாத்தன் நாகப்பட்டினத்துலேருந்து கப்பல்ல, மரம் பிரேசில்லேருந்து கப்பல்ல. ரெண்டும் ஒரே நிரையில நின்னுச்சு.

இதெல்லாம் மறந்தவரு ஒருத்தர் போன வாரம் வந்தாரே, தங்கச் சங்கிலியும் தடிச்ச மோதிரமுமா, பேத்திக்கு மாப்பிள்ளை தேடுறேன்னு. "நம்ம ஆளுங்கதான் வேணும், சுத்தமா இருக்கணும்"னாரு. நான் கேட்டேன்: "ஐயா, உங்க கழுத்துல கிடக்கிறது என்ன தங்கம்?" "916" அப்படின்னு பெருமையாச் சொன்னாரு. ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், மிச்சம் 84 பங்கு செம்பு, வெள்ளி. அந்த 84 இல்லன்னா சங்கிலி சீக்கிரமே தேஞ்சு வளைஞ்சு போயிடும், சொக்கத் தங்கம் அவ்வளவு மெதுவு. 916-ஐக் கழுத்துல போட்டுக்கிட்டு 999 பேசினாரு மனுசன். அவரு தாத்தனும் என் தாத்தனும் ஒரே கப்பல்ல ஒரே வாளியில தண்ணி மொண்டவங்கன்னு சொல்லியிருப்பேன். உன் பாட்டி காப்பி கொண்டாந்துட்டா. ஆனா எழுந்து போறப்போ ஒண்ணு கேட்டுட்டேன்: "உங்க ஆளுங்க எத்தனை டிகிரியில உருகுவாங்க?" அவருக்குப் புரியல. உனக்குப் புரியும், இரு, அதுக்குத்தான் வரேன்.

சுத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சூடு. சுத்தப் பொருளுன்னா குறிச்ச டிகிரியில சட்டுன்னு உருகும். வெள்ளீயம் 232-ல உருகும், காரீயம் 327-ல உருகும். கலவை பெரும்பாலும் இங்கதான் உருகுவேன்னு ஒரு சொல்லு சொல்லாது. ஒரு டிகிரியில இளக ஆரம்பிச்சு இன்னொரு டிகிரியில முடிக்கும், கல்யாணத்துக்கு வரேன்னு சொன்ன உன் மாமன் மாதிரி. ரேடியோ ஒட்டுறதுக்கு நான் வச்சிருக்கேனே ஈயக் கம்பி, அதுல வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு. அது மட்டும் அதிசயம். 183-லேயே மொத்தமா உருகிடும், ரெண்டு பேரையும் விடச் சீக்கிரமா. தனித்தனியா இருந்தப்போ முறுக்கிக்கிட்டு நின்னவனுங்க, சேந்ததும் இளகிட்டானுங்க. வீட்டுல பாக்கிறதுதானே.

ஈயம்னு சொன்னதும் ஊரு ஞாபகம் வருது. நம்ம கமுந்திங்குக்கு அந்தக் காலத்துப் பேரு கிளியான் பாரு. கிளியும் கிடையாது, பாக்கிறதுக்கும் ஒண்ணும் கிடையாது. புது லம்பம்னு அர்த்தம், ஈயம் தோண்டுற லம்பம். தைப்பிங்குக்குப் பேரு கிளியான் பாவு. 1861-லேருந்து கீ ஹின், ஹாய் சான்னு ரெண்டு சீனக் கூட்டமும் இந்த ஈயத்துக்காக அடிச்சிக்கிட்டு ரத்த ஆறு ஓட விட்டாங்க. 1874 ஜனவரியில பங்கோர்ல கையெழுத்து வாங்கி வெள்ளைக்காரன் உள்ள வந்தான். அவனுங்களைக் கலக்க முடியலன்னு தெரிஞ்சதும் பிரிச்சான். ஹாய் சானுக்கு அந்தப் பக்கம், கீ ஹின்னுக்கு நம்ம பக்கம். எண்ணெயும் தண்ணியும் மாதிரி. இப்பப் பசார்ல யாரு பேரன் யாருன்னு சொல்லு பாப்போம், எல்லாரும் ஒரே ஒட்டுக்கடையில மீ சாப்பிடுறானுங்க.

இப்ப வெளியூர்ல போய் "நான் கமுந்திங்"னு சொன்னா, "எப்ப வெளிய வந்தீங்க?"ன்னு கேக்கிறானுங்க. தடுப்பு முகாமால வந்த பேரு. 2007 டிசம்பர்ல நம்ம உரிமைக்குப் போராடின ஹிண்ட்ராப் இயக்கத்துத் தலைவருங்க அஞ்சு பேரை இங்கதான் கொண்டாந்து வச்சாங்க. விசாரணையே இல்லாம ஆளைப் பிரிச்சு வைக்கிற வித்தை, வடிகட்டுறது, காய்ச்சி வடிக்கிறதுன்னு நீ படிக்கிற எந்தப் பாடத்துலயும் இல்ல. 2012-ல அதுக்கு வழி விட்ட சட்டத்தை எடுத்துட்டாங்க. பேரு மட்டும் ஊரு மேல ஒட்டிக்கிச்சு, ஒட்டுப்பால் மாதிரி.

உன் தாள்ல இருக்கிற மூணு பேரும், தனிமம், சேர்மம், கலவை, மூணு பேருமே நம்ம ஊருல குடியிருந்தவனுங்கதான். நீ பக்கத்து வீட்டுக்காரனைத் தெரியாம பரீட்சை எழுதியிருக்க. லம்பத்துலேருந்து வர்ற மண்ணு கலவை. அதுல களிமண், மணல், கறுப்பா ஈயக்கல். சீனப் பொம்பளைங்க முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டு டூலாங் தட்டைச் சுத்திச் சுத்தி அலசுவாங்க. பெரிய தொப்பி, கையில லைசென்சு. மணல் தண்ணியைப் போல ரெண்டரை மடங்குக்குக் கொஞ்சம் மேல கனம், ஈயக்கல் ஏழு மடங்கு. சுத்தினா மணல் விளிம்பு வழியா ஓடிடும், ஈயக்கல் நடுவுல தங்கிடும். ரசாயனம் ஒண்ணும் கிடையாது, கையும் இடுப்பும்தான். மண்ணு தோண்டுற ஈயக் கப்பல் பெரிசா இரைச்சல் போட்டுக்கிட்டு செஞ்சதும் கடைசியில இதே வேலைதான். தஞ்சோங் துவாலாங்ல ஒண்ணை நிறுத்தி வச்சிருக்காங்க, 1938-ல கட்டினது, 4,500 டன். ஒரு பொம்பளை இடுப்பு செஞ்ச வேலைக்கு 4,500 டன் இரும்பு.

தட்டுல தங்கினதும் சுத்தமில்ல. இன்னும் கூட வர்ற கறுப்பு மண்ணுக்கு அமாங்னு பேரு. அதுல இல்மனைட்டு, சிர்க்கான், மோனசைட்டு. வலுவான காந்தத்தைக் காட்டினா இல்மனைட்டு ஒட்டிக்கிட்டு வந்துடும். ஈயக்காரனுக்கு அமாங் குப்பை. அந்தக் குப்பைக்குள்ள அரிய மண்ணு இருக்குன்னு ஈப்போ பக்கம் புக்கிட் மேராவுல 1982-ல ஒரு ஆலை வந்துச்சு. கூடவே தோரியம்னு கதிர்வீச்சுக் கழிவும் வந்துச்சு. ஊர் சனம் கோர்ட்டுப் படி ஏறி எறங்கி, 1994-ல அதை மூடினாங்க. ஒருத்தன் வேண்டாம்னு பிரிச்சுப் போடுறதுக்குள்ள இன்னொருத்தன் என்னத்தைத் தேடுவான்னு சொல்ல முடியாது. பிரிச்சு எடுத்துட்டுப் போனவன் மிச்சத்தை யார் வாசல்ல கொட்டுவான்னும் சொல்ல முடியாது.

அலசி, காந்தம் காட்டி, கடைசியா நிக்கிற கறுப்புக் கல்லு சேர்மம். ஈயமும் ஆக்சிஜனும் கட்டிக்கிட்டது. அதை ஆயிரம் தடவை டூலாங்ல சுத்து, பிரியாது. அதுதான் கலவைக்கும் சேர்மத்துக்கும் வித்தியாசம், எழுதிக்கோ. கலவை வாடகைக்குக் குடியிருக்கு, அலசினா கிளம்பிடும். சேர்மம் தாலி கட்டினது, அடுப்பு வேணும். கரியைப் போட்டுக் கொளுத்துவாங்க. கோலா செப்பத்தாங் போனப்போ கரிச்சூளை பாத்தியே, அந்தக் கரி மாதிரி. கரிக்கு ஆக்சிஜன் மேல கொள்ளை ஆசை, அதை இழுத்துக்கிட்டுப் புகையாப் போயிடும். உருகி வழியிறது ஈயம், தனிமம். சுத்தமான ஈயக்கல் நூறு கிலோ போட்டா ஈயம் 78 கிலோவுக்குக் கொஞ்சம் மேல, மிச்சம் காத்து. காத்தையும் எடை போட்டு வித்தவனுங்கடா நம்ம ஊருக்காரனுங்க.

அப்படி எடுத்த ஈயம்கூட நூத்துக்கு நூறு கிடையாது. லண்டன் சந்தையில 99.85 இருந்தாப் போதும்னு வாங்கிக்கிறான். பத்துக்கு மூணு வாங்கினவன் இதைக் கேட்டுச் சந்தோசப்படக் கூடாது. அப்புறம் 1985 அக்டோபர்ல விலை சரிஞ்சு லம்பம் லம்பமா மூடினாங்க. குளம் குளமாத் தண்ணி நிக்குதே, அதெல்லாம் அந்தக் குழிங்கதான்.

இப்பப் பித்தளைக்கு வா. ஈயத்தைப் பாத்துப் பித்தளை இளிச்சுதாம்னு சொல்றோம். யாரு யாரைப் பாத்து இளிக்கிறது? ஈயம் தனிமம், அட்டவணையில அதுக்கு ஒரு கட்டம் இருக்கு, அம்பதாம் நம்பர். பித்தளைக்குக் கட்டமே கிடையாது. செம்பும் துத்தநாகமும் கூட்டுக்குடித்தனம், உருக்கிக் கலந்த கலவை. நீ தனிமம்னு எழுதினப்போ அது எவ்வளவு சிரிச்சிருக்கும்! ஈயம் என்ன பண்ணும் தெரியுமா? அழும். நெசமாத்தான். சுத்தமான வெள்ளீயப் பாளத்தைக் காதுகிட்ட வச்சு வளைச்சா கிரீச்னு ஒரு சத்தம் வரும், உள்ள இருக்கிற படிகம் நகர்ற சத்தம். காரீயத்தை வளைச்சா பேச்சு மூச்சிருக்காது. காகிதத்துல தேச்சா சாம்பல் கோடு போடும். நம்ம ஆளுங்க ரெண்டையும் ஈயம்னாங்க, வெள்ளீயம், காரீயம். மலாய்க்காரனும் ரெண்டையும் தீமான்னான், தீமா பூத்தே, தீமா ஹீத்தாம். ரெண்டு பாஷையும் ஒரே இடத்துல ஏமாந்திருக்கு. ரசத்துக்கு நல்லது வெள்ளீயச் சொம்பு. அதுல காரீயம் கலந்து வித்தா, புளித்தண்ணி அதைக் கரைச்சு வயித்துக்குள்ள விஷமா இறக்கும். அது விளையாட்டில்ல, ஈயச் சொம்பு வாங்குறவன் வளைச்சுப் பாக்கிற மாதிரி ஒரு துண்டு கேட்டு வாங்கணும்.

உன் பாட்டி சொம்பா? அது... அவ அம்மா கும்பகோணத்துல வாங்கிக் குடுத்தது. நான்தான் ஒரு நாள் ரசம் வச்சேன். உருகிடுச்சு. கலப்படச் சொம்பு, காரீயம் கலந்துட்டான், அதான் சீக்கிரம் உருகிடுச்சுன்னு சொன்னேன். அவளும் அம்பது வருசமா முகம் தெரியாத அந்த வியாபாரியைத் திட்டிக்கிட்டிருக்கா.

என்னடா பாக்கிற? என்ன கணக்குப் போடுற? ரசம் இருக்கிற வரைக்கும் தண்ணி நூறு டிகிரியைத் தாண்ட விடாது, சரி. தண்ணி வத்தினா அடுப்புச் சூடு ஏறும், சரி. 232-ஐத் தாண்டினா... சுத்தமான ஈயமா இருந்தாலும் உருகும். டேய், மெதுவாப் பேசுடா! பத்துக்கு மூணு வாங்கினவனுக்கு இப்ப மட்டும் எங்கேருந்து வருது இந்தக் கணக்கு?

ஆமா. அடுப்புல ரசத்தை வச்சிட்டு, கடைவாசல் அஞ்சடியில ரெண்டு தெருக்கூத்துப் பாட்டுக் கேட்டுட்டு வந்தேன். வந்து பாத்தா சொம்பும் இல்ல, ரசமும் இல்ல, அடுப்புக் கல்லுல தோசை மாதிரி வெள்ளையா ஒரு தகடு. அதை அப்படியே எடுத்து, கொல்லைப்பக்கம் போய்க் காதுகிட்ட வச்சு வளைச்சேன். அழுதுச்சுடா. கிரீச்னு அழுதுச்சு. கும்பகோணத்துக்காரன் யோக்கியன்.

தகடு இன்னும் இருக்கு. என் மோட்டார் டூல் பாக்ஸ்ல, ஸ்பானருக்கு அடியில, பழைய பனியன் துணியில சுத்தி வச்சிருக்கேன். போய் எடுத்துட்டு வா, உனக்கும் கேக்க வைக்கிறேன். பின்வாசல் வழியாப் போ, முன்னாடி போகாத. பாட்டி கேட்டா பரீட்சைக்குப் படிக்கிறோம்னு சொல்லு.